தோள் ஜவ்வு கிழிந்த பிறகு உடம்பை ஏற்றுவது எப்படி: முழு ஓய்வா, ஒற்றைக் கையா, லேசான எடையா?

டவுன் பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தேன். குறுக்கே ஒரு ஆட்டோ வரவும் டிரைவர் சடன் பிரேக் அடித்தார். உடம்பு முழுக்க முன்னால் பாய்ந்தது, வலது கை மட்டும் கம்பியை விடவில்லை. தோளுக்குள் ஏதோ அறுந்த மாதிரி இருந்தது. இறங்கும்போது பெரிய வலி இல்லை. அன்று ராத்திரி வலப்பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை. மறுநாள் காலை குளிக்கும்போதுதான் விஷயம் புரிந்தது. தண்ணீர் மொண்ட சொம்பைத் தலைக்கு மேல் கொண்டுபோக முடியாமல் கை பாதியிலேயே நின்றுவிட்டது.

சுளுக்கு என்று நினைத்து ஒரு வாரம் தைலம் தடவினேன். அப்புறம் எம்ஆர்ஐ எடுத்ததில், கையைப் பக்கவாட்டில் தூக்க உதவும் சுப்ராஸ்பைனேட்டஸ் தசையின் நாணில் (தசையை எலும்போடு கட்டும் கயிறு) பாதிக் கிழிசல் என்று வந்தது. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் ‘ஜவ்வு கிழிந்துவிட்டது’. ஆபரேஷன் வேண்டாம், 12 வாரம் பிசியோ போதும் என்றார் டாக்டர். கூடவே, “ஜிம் பக்கமே போகாதீங்க” என்றும் சொன்னார். பிசியோதெரபிஸ்ட் சொன்னது வேறு: “அடிபட்டது தோள்தானே சார், காலுக்கு எதுக்கு லீவு?” ஜிம்மில் கூடப் பயிற்சி செய்யும் தம்பி மூன்றாவதாக ஒன்று சொன்னான்: “மாத்திரையைப் போட்டுட்டு வாங்கண்ணா, ரெண்டு நாள்ல பழகிடும்.”

மூன்று பேர், மூன்று வழி. நான்கு வருஷம் விடாமல் உழைத்து ஏற்றிய உடம்பு கையை விட்டுப் போய்விடுமோ என்ற பயம் எனக்கு. அந்தப் பயத்தில் தப்பான முடிவு எடுத்துவிடுவேனோ என்ற பயமும் இருந்தது. அதனால் உட்கார்ந்து ஒவ்வொரு வழியையும் அலசிப் பார்த்தேன். இதே இடத்தில் நிற்கிறவர்களுக்கு அந்தக் கணக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில், உங்களுக்கு என்ன காயம்?

இது தெரியாமல் எந்த வழியையும் எதோடும் ஒப்பிட முடியாது. தோள் மூட்டு நம் உடம்பிலேயே அதிகம் அசையும் மூட்டு. இடுப்பு மூட்டில் பந்து ஆழமான கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும். தோளில் கிண்ணம் ஏறக்குறைய ஒரு சின்னத் தட்டு. அந்தத் தட்டிலிருந்து பந்து வழுக்காமல் பிடித்து வைத்திருப்பவை நான்கு சிறு தசைகளும் அவற்றின் நாண்களும். இந்த நான்கும் சேர்ந்ததைத்தான் ரொட்டேட்டர் கஃப் என்கிறார்கள். மல்லாந்து படுத்து எடையை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ்ஸில் பெருமையாகக் காட்டும் நெஞ்சும் புஜமும் வண்டியை இழுக்கும் மாடு என்றால், இந்த நான்கும் கடையாணி. ஆணி தளர்ந்தபின் மாட்டை விரட்டினால் சக்கரம் கழலும்.

நாண் பாதி கிழிந்திருந்தால் பெரும்பாலும் பயிற்சியிலேயே சரியாகிவிடும். விபத்தில் ஒரேயடியாக முழுசாகக் கிழிந்து, கையைத் தூக்கவே முடியவில்லை என்றால் கதை வேறு. அதில் வாரங்கள் முக்கியம். நாள் போகப் போக நாண் சுருங்கி உள்ளே போய்விடும், தசை கொழுப்பாக மாறத் தொடங்கும். ‘பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போடாமல் எலும்பு மூட்டு மருத்துவரிடம் ஓட வேண்டிய கேஸ் அது. மூட்டு விலகியவர்களுக்கு இன்னொரு பிரச்சனை. 20 வயதை ஒட்டி முதல் தடவை தோள் விலகினால், மறுபடி விலகும் வாய்ப்பு பாதிக்கும் மேல். விலகிய தோளைத் தெரிந்தவர் ஒருவர் இழுத்துவிடுவார் என்று தயவுசெய்து யாரிடமும் கையைக் கொடுக்காதீர்கள். அக்குளை ஒட்டி ஓடும் நரம்பு நசுங்கினால் புஜத்தின் வெளிப்பக்கம் மரத்துப்போய், கையைத் தூக்கும் தசையே செயலிழக்கலாம். இடது தோள் வலியோடு நெஞ்சு இறுக்கம், வியர்வை வந்தால் அது தோள் பிரச்சனையே அல்ல, நேராக அவசரச் சிகிச்சைக்குப் போங்கள்.

ஆபரேஷன் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒன்று. பின்லாந்தில் 55 வயதைத் தாண்டிய, அடிபடாமல் தேய்மானத்தால் இந்த நாண் கிழிந்தவர்களை மூன்று பிரிவாகப் பிரித்துப் பார்த்தார்கள். பிசியோ மட்டும் ஒரு பிரிவுக்கு, நாணுக்கு மேலே உள்ள எலும்பைச் சீவிப் பிசியோ இன்னொன்றுக்கு, எலும்பைச் சீவி நாணையும் தைத்துப் பிசியோ மூன்றாவதுக்கு. 2014இல் வெளியான ஒரு வருட முடிவில் மூன்று பிரிவுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. வயதானவர்களின் தேய்மானக் கிழிசலுக்குத்தான் இது பொருந்தும். 25 வயதில் பைக்கிலிருந்து விழுந்தவர் இதைச் சாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இனி வருவதெல்லாம், மருத்துவர் பார்த்து ‘ஆபரேஷன் தேவையில்லை, அசைக்கலாம்’ என்று சொன்னவர்களுக்கு.

முழு ஓய்வு

இதைத்தான் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அம்மா சொன்னார், மாமியாரும் சொன்னார். அக்கறையில் சொல்வதுதான். எனக்கு இதில் இருந்த ஒரே எதிர்ப்பு, மூன்று மாதம் சும்மா இருந்தால் தசை கரைந்துவிடும் என்பதுதான். தேடிப் படித்ததில் அந்தப் பயம் பாதிக்கு மேல் வீண் என்று தெரிந்தது.

2024இல் பின்லாந்தின் யுவாஸ்கிலா பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு ஆய்வு வந்தது. ஒரு குழுவினர் 20 வாரம் தொடர்ந்து எடைப்பயிற்சி செய்தார்கள். இன்னொரு குழு 10 வாரம் செய்து, 10 வாரம் முழுசாக விட்டுவிட்டு, மறுபடி 10 வாரம் செய்தது. கடைசியில் இரண்டு குழுவும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நின்றன. விட்ட தசை திரும்ப வரும்போது முதல் தடவையை விட வேகமாக வருகிறது. ஏற்கெனவே உழுத நிலம் மாதிரி. ஆக, ஓய்வெடுத்தால் நான்கு வருஷ உழைப்பு போய்விடும் என்பது உண்மையல்ல.

அப்படியானால் முழு ஓய்வு நல்ல வழிதானே? இல்லை. அதன் நஷ்டம் தசையில் அல்ல, மூட்டில். அசையாத தோள் இறுகும். மூட்டைச் சுற்றிய உறை சுருங்கி, கை எந்தப் பக்கமும் போகாமல் பூட்டிக்கொள்வதைத்தான் உறைந்த தோள் என்கிறார்கள். வந்தால் ஒரு வருஷத்திலிருந்து மூன்று வருஷம் வரை இழுத்தடிக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நடத்திய, 2023இல் வெளியான கணக்கெடுப்பின்படி நாட்டில் சர்க்கரை உள்ளவர்கள் 10 கோடிப் பேர். அதனால் 45 வயதில் சர்க்கரையும் வைத்துக்கொண்டு, “கையை அசைக்காம வெச்சிருக்கேன்” என்று யாராவது சொன்னால் எனக்குப் பதறுகிறது. என் சித்தப்பாவுக்கு அப்படித்தான் ஆனது. சட்டைக்குள் கையை விட அவருக்கு இன்னொருவர் உதவி தேவைப்பட்டது, ஒரு வருஷத்துக்கு மேல்.

முதல் சில நாள், வலி கொதிக்கும்போது ஓய்வு சரி. டாக்டர் ஸ்லிங் (கையைத் தொங்கவிடும் கட்டு) போடச் சொன்னால் சொன்ன நாள் வரை போட வேண்டும். ஆபரேஷன் முடிந்தவர்களுக்கு அது 4 முதல் 6 வாரம் வரை போகும். அதற்கு மேல் ‘சும்மா இருப்போம்’ என்பது பத்திரமான வழி போலத் தோன்றும், அவ்வளவுதான்.

காலும், நல்ல கையும்

காயப்பட்ட கையைத் தொடாமல் மற்ற எல்லாவற்றுக்கும் பயிற்சி கொடுப்பது இது. இதில்தான் எனக்கு ஒரு ஆச்சரியம் கிடைத்தது.

1894இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்கிரிப்சர் என்ற உளவியலாளர் ஒரு பெண்ணுக்கு ஒரு கையால் மட்டும் தினமும் ரப்பர்க் குமிழை அழுத்தும் பயிற்சி கொடுத்தார். சில நாள் கழித்து அளந்தபோது, பயிற்சியே பெறாத மறு கைக்கும் பலம் கூடியிருந்தது. ஒரு கைக்குப் பயிற்சி கொடுத்தால் மூளையிலிருந்து தசைக்குப் போகும் கட்டளை இரண்டு பக்கமும் மெருகேறுகிறது. பயிற்சி பெறாத பக்கத்துக்குச் சராசரியாக 10 சதவீதத்தை ஒட்டிப் பலம் கூடுகிறது என்று பிற்பாடு வந்த ஆய்வுகள் சொல்கின்றன. கனடாவின் சஸ்காட்சவான் பல்கலைக்கழகத்தில் இன்னும் ஒரு படி போய், காயமே இல்லாத இளைஞர்களின் ஒரு கையைத் தோளோடு சேர்த்து ஸ்லிங்கில் 4 வாரம் கட்டி வைத்தார்கள். மறு கைக்கு எடைப்பயிற்சி கொடுத்தவர்களுக்குக் கட்டிய கையின் தசை மெலியவில்லை. கொடுக்காதவர்களுக்கு மெலிந்தது. 2010இல் வெளியான ஆய்வு அது.

இதைப் படித்த அன்றே இடது கையில் டம்பெல்லை எடுத்துவிட்டேன். ‘ஒரு பக்கம் மட்டும் ஏறிக் கோணலாகத் தெரியாதா?’ என்று எல்லோரும் கேட்கிறார்கள். மூன்று மாதத்தில் அளவு நாடாவில்தான் வித்தியாசம் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. வலது கை திரும்பியதும் தானாகச் சமமாகும்.

கால் பயிற்சியில் கவனிக்க வேண்டிய சின்ன விஷயங்கள் சில உண்டு. இவற்றை யாரும் சொல்லவில்லை, பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதுகில் பார்பெல் வைத்து ஸ்குவாட் செய்வது கால் பயிற்சிதான், ஆனால் கம்பியைப் பிடிக்கக் கை பின்னால் திரும்ப வேண்டும். காயப்பட்ட தோளுக்கு அதுதான் மோசமான கோணம். உட்கார்ந்து காலால் எடையைத் தள்ளும் லெக் பிரஸ் நல்லது. ஆனால் 20 கிலோ தட்டைக் கழற்றி மாட்டுவது யார்? என் இரண்டாவது வாரத்தில் பயிற்சி முழுக்க ஒழுங்காக முடித்துவிட்டு, கடைசியில் மேல் கம்பத்தில் தட்டைத் திருப்பி மாட்டும்போது வலது கையை நீட்டிவிட்டேன். மூன்று நாள் பின்னடைவு. கூச்சப்படாமல் பக்கத்தில் இருப்பவரிடம் “தம்பி, இதை மட்டும் எடுத்துக் கொடு” என்று கேளுங்கள். அதே லெக் பிரஸ்ஸில் கடைசி இரண்டு தடவை மூச்சு முட்டும்போது பக்கவாட்டுக் கைப்பிடியை வெறியோடு இழுப்போம். வலது கையை மடியில் போட்டுக்கொள்ளுங்கள். தரையில் இருக்கும் எடையைக் குனிந்து தூக்கும் டெட்லிஃப்ட் தோளைக் கீழ் நோக்கி இழுக்கும் என்பதால் முதல் ஆறு வாரம் வேண்டாம். ஜிம் இல்லாதவர்களுக்கு நம் பழைய பஸ்கி இருக்கிறது. ஒரு காலைப் பின்னால் நாற்காலியில் வைத்து ஒற்றைக் காலில் பஸ்கி எடுத்துப் பாருங்கள். எடையே இல்லாமல் தொடை எரியும்.

இந்த வழியின் குறை ஒன்றுதான். காயப்பட்ட நாணுக்கு இது எதுவும் செய்வதில்லை. நாண் ஆறுவதற்குச் சுமை வேண்டும், அளவான சுமை.

இரண்டு கையும், லேசான எடையும்

என் தேர்வு இதுவும் முந்தையதும் சேர்ந்தது. கனமாகத் தூக்கினால்தான் தசை ஏறும் என்று ஜிம்மில் காலங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறோம். அது முழு உண்மையல்ல. 2012இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில், ஒருவரால் ஒரே ஒரு தடவை தூக்க முடிகிற உச்ச எடையில் 80 சதவீதத்தையும் 30 சதவீதத்தையும் வைத்து 10 வாரம் கால்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். இனி ஒரு தடவைகூட முடியாது என்ற நிலை வரை செய்தபோது இரண்டிலும் தசை ஏறக்குறைய ஒரே அளவு வளர்ந்தது. உச்ச பலம் மட்டும் கனமான எடையில் அதிகம் கூடியது. அதன்பின் வந்த பல ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. காயப்பட்டவனுக்கு இதைவிட நல்ல செய்தி என்ன இருக்கிறது!

ஆனால் தோளில் ‘லேசு’ என்பது எவ்வளவு லேசு என்று முதலில் புரிய வேண்டும். ஒரு கையின் எடை உடல் எடையில் சுமார் 5 சதவீதம். என் எடை 72 கிலோ, அப்படியென்றால் என் கை 3.6 கிலோ. வெறும் கையைப் பக்கவாட்டில் தூக்குவதே அந்தச் சின்ன நாணுக்கு எடைப்பயிற்சிதான். முழங்கையை மடக்கினால் நெம்புகோல் குறுகும், சுமை குறையும். நீட்டினால் கூடும். ஒரு கிலோ டம்பெல்லை நீட்டிய கையின் நுனியில் பிடிப்பதும் இரண்டு கிலோவை முழங்கைக்குப் பக்கத்தில் கட்டித் தூக்குவதும் தோளுக்கு ஏறக்குறைய ஒன்றுதான்.

நான் செய்ததைச் சொல்கிறேன். முதல் இரண்டு வாரம் சுவரோடு மட்டும் வேலை. முழங்கையை விலாவோடு ஒட்டி 90 டிகிரி மடக்கி, புறங்கையைச் சுவரில் வைத்து வெளிப்பக்கம் அழுத்துவது. கை அசையாது, தசை மட்டும் இறுகும். 30 விநாடி, ஐந்து தடவை. வலியைக் குறைக்கவும் இது உதவியது. மூன்றாவது வாரம் கதவுக் கைப்பிடியில் ரப்பர் பேண்டைக் கட்டினேன். முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் ஒரு துண்டைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு, முன்கையை வெளிப்பக்கம் திருப்புவது. துண்டு கீழே விழுந்தால் முறை தப்பு என்று அர்த்தம். துண்டு இருந்தால் பின்பக்கத் தசை இன்னும் நன்றாக வேலை செய்கிறது என்பதை பிசியோ என் இடது கை விரலையே தோள்பட்டை எலும்பின் மேல் வைத்துக் காட்டினார். அது துடிப்பது என் விரலுக்கே தெரிந்தது. நான்கு வருஷம் ஜிம் போயும் அந்தத் தசை அங்கே இருப்பதே எனக்குத் தெரியாது.

ஆறாவது வாரத்திலிருந்துதான் நெஞ்சும் முதுகும். பெஞ்சுக்குப் பதில் தரையில் படுத்து, உள்ளங்கை ஒன்றையொன்று பார்க்கும்படி டம்பெல் பிரஸ். தரை முழங்கையைத் தடுப்பதால் தோள் அதிகமாகப் பின்னால் போகாது. 5 கிலோவில் ஆரம்பித்து 25 தடவை. முதுகுக்கு, சாய்வுப் பெஞ்சில் நெஞ்சைச் சாய்த்துக்கொண்டு டம்பெல்லை இழுப்பது. கழுத்துக்குப் பின்னால் பிரஸ், கம்பியைத் தாடை வரை இழுப்பது, இரண்டு கம்பிகளுக்கு நடுவே கை ஊன்றி உடம்பை இறக்கி ஏற்றும் டிப்ஸ், அகலப் பிடியில் பெஞ்ச் பிரஸ், இந்த நான்கையும் ஒதுக்கி வைத்தேன். அவற்றில் முதல் இரண்டுக்கு இனித் திரும்பும் உத்தேசமே இல்லை.

காலைச் சொம்பு

எடையைக் கூட்டலாமா, குறைக்கலாமா என்பதை எப்படி முடிவு செய்வது? பூஜ்யத்திலிருந்து பத்து வரை வலிக்கு மார்க் போடும் முறையைப் பிசியோ சொல்லிக்கொடுத்தார். பயிற்சியின்போது 3 வரை பரவாயில்லை. 5 தாண்டினால் நிறுத்த வேண்டும். முக்கியமானது மறுநாள் காலை. 24 மணி நேரத்துக்குள் வலி பழைய அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும்.

மார்க் போடுவது எனக்கு முதலில் குழப்பமாக இருந்தது. அதனால் குளியலறைச் சொம்பையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன். தினமும் அதே பித்தளைச் சொம்பு, கழுத்து வரை தண்ணீர், வலது கை. நெஞ்சு உயரம் வரை போகிறதா, நெற்றி வரையா, தலைக்கு மேலா? நேற்றை விடக் கீழே நின்றால் நேற்று செய்தது அதிகம். அன்று எடையைக் குறைப்பேன். இரண்டு வாரம் தொடர்ந்து சுகமாகப் போனால் அரை கிலோ கூட்டுவேன். பயிற்சியின்போது உடம்பு சூடாக இருக்கும், வலி முழுசாகத் தெரியாது. காலையில் தெரிந்துவிடும்.

கையைக் கட்டி இரத்த ஓட்டத்தை மட்டுப்படுத்தும் முறை

இப்போது பெரிய ஊர்களின் விளையாட்டுப் பிசியோ மையங்களில் இது வந்துவிட்டது. 1966இல் ஜப்பானில் சாட்டோ என்பவர் பௌத்தச் சடங்கு ஒன்றில் நெடுநேரம் மண்டியிட்டு உட்கார்ந்து, கெண்டைக்கால் மரத்துப்போனதிலிருந்து யோசித்துக் கண்டுபிடித்தது. புஜத்தின் மேற்பகுதியில் இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை போன்ற ஒன்றைக் கட்டி, கைக்குப் போகும் இரத்தத்தை ஓரளவு மட்டுப்படுத்திவிட்டு, உச்ச எடையில் 20 முதல் 30 சதவீதத்தில் முதல் செட் 30 தடவை, பிறகு 15, 15, 15. அந்த லேசான எடையிலேயே தசை கனமான எடை தூக்கியதுபோலத் திணறும்.

முழங்கைக்கு மேல், கீழ் தசைகளுக்கு இது நன்றாக வேலை செய்கிறது. முழங்கால் ஆபரேஷன் ஆனவர்களின் தொடைக்கும்தான். ஆனால் நம் பிரச்சனை தோளில், பட்டை கட்டுவதோ அதற்குக் கீழே. தோள் தசைக்கும் ஓரளவு பலன் போகிறது என்று சில ஆய்வுகள் காட்டினாலும் ஆதாரம் இன்னும் மெலிதுதான். கை மெலிந்துவிட்டது என்று கவலைப்படுகிறவருக்கு நல்ல வழி, தோளையே தேற்ற வேண்டியவருக்கு இரண்டாம்பட்சம். இரத்தக் கட்டி வந்தவர்கள், கட்டுக்குள் இல்லாத ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் பக்கத்திலேயே போகக் கூடாது. வீட்டில் கிடக்கும் எலாஸ்டிக்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு செய்து பார்க்கவே வேண்டாம். அழுத்தத்தை அளக்கக் கருவியும் தெரிந்த ஆளும் வேண்டும்.

மாத்திரை போட்டுக்கொண்டு தொடர்வது

வேண்டாம். வலியை மறைத்துவிட்டு எடை தூக்கினால், எந்தத் தடவையில் கிழிசல் பெரிதாகிறது என்பதே தெரியாது. இன்னொன்றும் இருக்கிறது, ஜிம் தம்பிக்கு அதைத்தான் சொன்னேன். 2017இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா ஆய்வாளர்கள் தினமும் 1200 மில்லிகிராம் இபுபுரூஃபன் சாப்பிட்ட இளைஞர்களை, குறைந்த அளவு ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டார்கள். எட்டு வாரப் பயிற்சிக்குப் பின் இபுபுரூஃபன் குழுவின் தொடைத் தசை வளர்ச்சி மற்றவர்களுடையதில் பாதிதான். தசைக்காக மாத்திரை போட்டு, அந்த மாத்திரையே தசையைத் தடுப்பது! டாக்டர் குறிப்பிட்ட நாளுக்கு எழுதிக் கொடுத்தது வேறு, அதைச் சாப்பிட்டுத்தான் ஆக வேண்டும். ஸ்டீராய்டு ஊசியும் அப்படித்தான். போட்ட சில நாளில் வலி போய்விடும், நாண் ஆறியிருக்காது. அந்த வாரத்தில்தான் பலர் பழைய எடைக்கு ஓடுகிறார்கள்.

பேண்டா, டம்பெல்லா, கேபிளா, கர்லாக்கட்டையா?

முதல் மாதத்துக்கு ரப்பர் பேண்ட். ஐந்து பேண்ட் கொண்ட ஒரு செட் எனக்கு 450 ரூபாய் ஆனது. வீட்டிலேயே தினமும் இரண்டு வேளை செய்யலாம் என்பதுதான் அதன் பெரிய பலம். குறை என்னவென்றால், இழுக்க இழுக்கக் கனம் கூடும். கடைசிக் கோணத்தில், தசை பலவீனமாக இருக்கும் இடத்தில்தான் சுமை அதிகம். கேபிளில் அந்தத் தொல்லை இல்லை, ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே கனம், திசையையும் விரும்பியபடி மாற்றலாம். ஜிம்மில் கேபிள் இருந்தால் இரண்டாவது மாதத்திலிருந்து அதற்கு மாறிவிடுங்கள். ஆனால் நம் ஊர்ச் சின்ன ஜிம்களில் கேபிளின் முதல் தட்டே 5 கிலோ இருக்கும். அது அதிகம் என்றால் பேண்டிலேயே இருக்க வேண்டியதுதான்.

கர்லாக்கட்டை பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். தோளுக்கு அதைப் போல ஒன்று இல்லை என்று தாத்தா காலத்திலிருந்து சொல்கிறார்கள், ஆறிய தோளுக்கு நானும் அதை ஒப்புக்கொள்கிறேன். ஆறாத தோளுக்கு அல்ல. சுழற்றும்போது கட்டையின் வேகம் கையைக் கடைசிக் கோணம் வரை இழுத்துக்கொண்டு போகும். அங்கே நிறுத்துவது கிழிந்த நாணின் வேலை. நான் நான்காவது மாதத்தில், ஒரு கிலோவுக்கும் குறைவான கட்டையில் ஆரம்பித்தேன். தண்டால் அதற்கும் முன்னாலேயே திரும்பியது. முதலில் சுவரில், பிறகு சமையல் மேடையில் கை ஊன்றி, பிறகு கட்டிலில், கடைசியாகத் தரையில். ஒவ்வொரு உயரத்திலும் 20 தடவை செய்தபின், மறுநாள் காலை சொம்பு நேற்றை விடக் கீழே நிற்காமல் இருந்தால்தான் அடுத்த உயரம்.

பிசியோவுக்கு நான் போன இடத்தில் ஒரு தடவைக்கு 500 ரூபாய். தினமும் போக முடியாது. வாரம் ஒரு தடவை போய் முறையைத் திருத்திக்கொண்டு, மீதி நாள் வீட்டில் செய்தேன். 12 வாரத்துக்கு 6000 ரூபாய். பணம் இதற்கும் இடிக்கிறது என்றால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிசியோதெரபிப் பிரிவு இருக்கிறது. காலையில் சீக்கிரம் போக வேண்டும்.

தட்டில் என்ன இருக்கிறது

பயிற்சி குறைகிற காலத்தில் சாப்பாட்டையும் குறைத்துவிடுவது பெரிய தவறு. ஆறுவதற்கே உடம்புக்குப் புரதம் வேண்டும். எடைப்பயிற்சி செய்பவருக்கு, ஒரு கிலோ உடல் எடைக்கு தினமும் 1.6 கிராம் என்ற அளவுக்கு மேல் பெரிதாகப் பலன் கூடுவதில்லை என்பது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018இல் வந்த முடிவு. எனக்கு அது 115 கிராம். காலையில் நான்கு இட்லி, மதியம் சோறு சாம்பார், ராத்திரி தோசை என்று போனால் 50 கிராமைத் தாண்டுவதே கஷ்டம். மூன்று முட்டையில் 18 கிராம், அரை லிட்டர் பாலில் 16, 50 கிராம் மீல் மேக்கரில் 26, வேகவைத்த கொண்டைக்கடலைச் சுண்டல் 100 கிராமில் 9, பொட்டுக்கடலை இரண்டு கைப்பிடியில் 10. இவற்றை வழக்கமான சாப்பாட்டோடு சேர்த்தால் பவுடர் இல்லாமலே கணக்கு வந்துவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

யாருக்கு எது?

பாதிக் கிழிசல், வலி கட்டுக்குள் என்றால் காலும் நல்ல கையும் முழு வேகத்தில், காயப்பட்ட கை லேசான எடையில். என் தீர்ப்பு இதுதான், தயக்கமில்லாமல் சொல்வேன். ஆபரேஷன் ஆகி ஸ்லிங்கில் இருப்பவருக்கு முதல் ஆறு வாரம் காலும் நல்ல கையும் மட்டும். தைத்த இடத்துக்குச் சுமை கொடுக்கும் பயிற்சி பொதுவாக 12 வாரத்துக்குப் பிறகுதான், அதுவும் ஆபரேஷன் செய்தவர் சொன்ன பிறகு. சர்க்கரை உள்ள 50 வயதுக்காரருக்குத் தசையை விட அசைவு முக்கியம். தினமும் கையை எல்லாத் திசையிலும் வலி எல்லை வரை கொண்டுபோவதை முதலில் வையுங்கள், எடை பிறகு. மூட்டு விலகிய கல்லூரி மாணவன் பெஞ்ச் பிரஸ்ஸைப் பற்றி யோசிக்கும் முன், கை வெளிப்பக்கம் திரும்பி மேலே போகும் எல்லா அசைவுகளையும் பிசியோவின் கண் முன்னால் மட்டும் செய்ய வேண்டும்.

எனக்கு 14 வாரம் ஆனது. அளவு நாடாவில் வலது புஜம் ஒரு சென்டிமீட்டர் குறைந்திருந்தது, தொடை இரண்டு சென்டிமீட்டர் கூடியிருந்தது. பெஞ்சில் பழைய எடைக்கு இன்னும் திரும்பவில்லை, அவசரமும் இல்லை. நேற்று காலை சொம்பு நிறையத் தண்ணீரை வலது கையால் தலைக்கு மேல் தூக்கி, அங்கேயே பத்து எண்ணும் வரை பிடித்திருந்து, பிறகு மெதுவாக ஊற்றினேன்.